பாதி மடல்கள்

கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்கள் பவுலடியாருக்கு ஒரு மடல் எழுதினார்கள். அம்மடல் இன்று நம் கையில் இல்லை. அவர் அவர்களுக்கு வரைந்த முதல் திருமுகத்தின் ஏழாம் அதிகாரத் தொடக்கத்தில், அவர்கள் எழுதிக் கேட்டவற்றைப் பற்றி இனிப் பேசப்போவதாகக் கூறுகிறார். அதன்பின் திருமணம், சிலைகளுக்குப் படைத்த உணவு, தூய ஆவியாரின் கொடைகள், எருசலேமின் ஏழைகளுக்கான நன்கொடை என்று ஒவ்வொன்றாய் விடைகள் வருகின்றன. வினாக்கள் மட்டும் வரவில்லை. எழுதியவர் எவர், பணிவோடு கேட்டனரா, சினத்தோடு கேட்டனரா என்பவற்றையெல்லாம் விடைகளின் இடுக்கிலிருந்தே ஊகிக்க வேண்டியிருக்கிறது. குருமடத்தில் இறையியல் பயின்ற நாட்களில் இவ்வூகத்தில் நாம் செலவிட்ட மாலைகள் பல. ஓர் உரையாடலில் ஒருவர் குரல் மட்டுமே எஞ்சினால் எவ்வளவு இழக்கிறோம் என்பதை அன்று ஏட்டளவில் கற்றோம். அண்மையில் ஒரு வகுப்பறையில் அதனை நேரிலேயே கண்டோம்.

திருவண்ணாமலைப் பகுதியில் கத்தோலிக்கப் பள்ளியொன்றின் ஒன்பதாம் வகுப்பு அது. ஐரோப்பிய நாடொன்றின் கத்தோலிக்கப் பள்ளியோடு திரைவழி உரையாட ஏற்பாடு செய்திருந்தனர். நமக்குப் பிற்பகல் இரண்டரை மணி, அவர்களுக்கு முற்பகல். தொடக்கச் செபம் சொல்ல நம்மை அழைத்திருந்தார்கள். சுவரில் வெண்திரை, அதன்கீழ் வண்ணக் கோலம், முதல் வரிசையில் மாற்றுச் சீருடையில் எட்டு மாணவர்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள். அவர்கள் கேட்க வேண்டிய வினாக்களும் சொல்ல வேண்டிய விடைகளும் ஆங்கிலத்தில் அதில் எழுதப்பட்டிருந்தன. ஒரு வாரம் ஒத்திகை நடந்ததாகச் சொன்னார்கள்.

நிகழ்ச்சி குறையின்றி நடந்தது. அடி அண்ணாமலையிலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்து தன் ஊரின் பழமையையும் ஆன்மிகச் சிறப்பையும் தாளைப் பார்த்துப் படித்தான். திரையில் கைதட்டினார்கள். அப்போது எதிர்ப்பக்கத்து மாணவி ஒருத்தி, அவர்களுடைய தாளிலும் இல்லாத ஒன்றைக் கேட்டாள்: உங்களில் எவரேனும் கடல் கடந்து போனதுண்டா? வகுப்பில் அமைதி. மூன்றாம் வரிசையில் ஒரு சிறுமி பாதி எழுந்தாள். ஆசிரியை அவளைப் பார்த்துக் கையமர்த்திவிட்டு, அடுத்த வினாவுக்குப் போகலாம் என்றார். சிறுமி அமர்ந்தாள்.

நிகழ்ச்சி முடிந்தபின் அவளிடம் பேசினோம். அவள் மாவட்டத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில் பிறந்தவள். "நான் போனதில்லை, ஃபாதர். எங்கட அம்மம்மாதான் மன்னாரிலிருந்து படகிலே வந்தவ" என்றாள். அதைச் சொல்லத்தான் எழுந்தாயா என்று கேட்டோம். "இல்லை, ஃபாதர். அங்கேயும் படகிலே வந்த பிள்ளைகள் இருக்கினமோ எண்டு கேக்கத்தான் எழும்பினேன்" என்றாள்.

இச்சிறு நிகழ்ச்சியை நாம் பல நாட்கள் எண்ணிப் பார்த்தோம். நூலைத் திறனாய்வு செய்வதுபோல் ஓர் உரையாடலையும் திறனாய்வு செய்யலாம், செய்யவும் வேண்டும். நூலுக்கு அணியும் நடையும் அளவுகோல்களாகலாம். கடல் கடந்த மக்களோடு நிகழ்த்தும் உரையாடலுக்கு மூன்று அளவுகோல்கள் போதும் என்று கருதுகிறோம். வினா எழுப்புபவர் யார்? உரையாடல் எவர் மொழியில் நடக்கிறது? நடந்ததை எழுதி வைத்துக்கொள்பவர் யார்? இம்மூன்றையும் நம் வரலாற்றில் நிகழ்ந்தவற்றோடு பொருத்திப் பார்ப்போம். ஏனெனில் தமிழ் மண்ணுக்கும் ஐரோப்பியக் கிறிஸ்தவர்களுக்கும் இடையிலான கடிதப் போக்குவரத்து திரையும் கம்பியும் வருவதற்கு முந்நூறு ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது.

பிரெஞ்சு இயேசு சபையினர், தம் மறைப்பணியாளர் அனுப்பிய கடிதங்களை 1702 முதல் 1776 வரை பாரிசில் 34 தொகுதிகளாக வெளியிட்டனர். பக்தியை வளர்ப்பனவும் வியப்பூட்டுவனவுமான கடிதங்கள் என்பது அத்தொகுப்புக்கு அவர்கள் இட்ட பெயரின் பொருள். சீனம், அமெரிக்கா ஆகியவற்றோடு நம் கர்நாடக மறைத்தளமும் அதில் இடம்பெற்றது. அம்மறைத்தளத்தின் முன்னோடியான பூஷே அடிகளார் நம் மக்களிடையே வாழ்ந்து, அவர்கள் வழக்குகளைத் தீர்த்துக்கொள்ளும் முறைமையைக்கூட நுணுக்கமாக எழுதியனுப்பினார். ஐரோப்பா நம்மை அறிந்துகொண்ட வழிகளில் இத்தொகுப்பு முதன்மையானவற்றுள் ஒன்று. இப்பெருமையை மறுப்பதற்கில்லை.

ஆயினும் நம் மூன்று அளவுகோல்களையும் வைத்துப் பார்த்தால் குறை புலப்படுகிறது. கேட்டவர் அடிகளார்; எழுதியவர் அடிகளார்; மொழி பிரெஞ்சு. ஆயர் உவேக்கு அவர் எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில், இந்தியரின் சமயக் கருத்துகள் எபிரேயரிடமிருந்து வந்தவை என்று நிறுவ முயல்கிறார். நம் மக்கள் சொன்னதை அவர் கேட்டார் என்பது உண்மை. ஆனால் கேட்பதற்கு முன்னரே விடையைத் தம்மிடம் வைத்திருந்தார் என்பதும் உண்மை. அன்போடு கேட்கும் செவியும் சிலவேளை தான் எதிர்பார்த்ததை மட்டுமே கேட்கும்.

இன்னொரு எடுத்துக்காட்டு நம் திருச்சபைக்கு வெளியே இருக்கிறது. ஆனால் நம் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்கும் அவர் தோழர் கிரண்ட்லரும் தமிழர் பலருக்கு வினாக்கள் விடுத்து, எழுத்தில் விடை பெற்றார்கள். 1712 முதல் 1714 வரை எழுதப்பட்ட அத்தகைய 99 கடிதங்கள் செருமன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சாயின. இங்கே பேசுபவர் தமிழர். எனவே பூஷே அடிகளாரின் கடிதத்தைக் கடந்து ஒரு படி ஏறியிருக்கிறோம். அவர்கள் வெறுமனே விடை சொல்லி நிற்கவுமில்லை. கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொள்வோரின் குடியையும் ஒழுக்கக் கேட்டையும் தூய்மையின்மையையும் நேர்படக் கண்டித்தார்கள். இன்று அவற்றைப் படிக்கும் குருவுக்குக்கூட அக்கண்டனம் உறுத்துகிறது. அது உறுத்துவதே அவை உண்மையான மடல்கள் என்பதற்குச் சான்று. ஆனால் அவற்றின் தமிழ் மூலங்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அத்தமிழர்களின் குரலை இன்று செருமன் வழியாகவே கேட்க வேண்டியிருக்கிறது. முதல் அளவுகோலில் பாதியும் இரண்டாவதில் பாதியும் பெற்ற அவ்வுரையாடல் மூன்றாவதில் தோற்றுவிட்டது.

பெரியவர்களின் மடல்கள் இவ்வாறிருக்க, பிள்ளைகளைப் பிள்ளைகளோடு இணைக்கும் முயற்சியும் திருச்சபையில் பழையதே. நான்சி நகர ஆயர் ஃபோர்பின் ஜான்சன் 1843இல் திருப்பாலர் சபையைத் தொடங்கினார். சீனத்துக் குழந்தைகளுக்காகப் பிரான்சின் சிறுவர் நாள்தோறும் ஓர் அருள் நிறை மரியே சொல்வதும் மாதந்தோறும் ஒரு சிறு காசு ஈவதும் அதன் ஒழுங்கு. பெரியவர் கண்ணுக்குத் தெரியாத தொலைவை ஒரு சிறுவனின் செபத்துக்குள் கொண்டுவந்த பெருஞ்செயல் அது. நம் பங்குகளிலும் பாலர் சபையில் காசு போட்டு வளர்ந்தவர்கள் இவ்விதழின் வாசகருள் பலர் இருப்பர். ஆனால் காசு ஒரு திசையில் மட்டும் போகும்போது, மறுதிசையில் போவதற்கு நன்றி ஒன்றுதான் எஞ்சுகிறது.

இங்கே நம் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். 2000ஆம் ஆண்டை ஒட்டி, உதவிப் பங்குத்தந்தையாய் இருந்த காலத்தில், மாணவர் விடுதியொன்றின் பொறுப்பு நம்மிடம் இருந்தது. வெளிநாட்டு நன்கொடையாளருக்கு ஆண்டுக்கு இருமுறை பிள்ளைகள் கடிதம் எழுத வேண்டும். நாம் கரும்பலகையில் எழுதுவோம். அறுபது பிள்ளைகளும் பார்த்து எழுதுவார்கள். நலமாய் இருக்கிறேன், நன்றாய்ப் படிக்கிறேன், உங்களுக்காகச் செபிக்கிறேன் என்ற மூன்று வரிகள். ஒருமுறை ஒரு சிறுவன், தன் ஊரில் மழை பெய்யாததால் தகப்பன் பெங்களூருக்குக் கல்லுடைக்கப் போய்விட்டார் என்று தானாகச் சேர்த்து எழுதியிருந்தான். அது கெஞ்சுவதுபோல் தோன்றும் என்று கருதி, நாமே அதை அழித்து வேறு தாள் கொடுத்தோம். அவன் கெஞ்சவில்லை, தன் வீட்டுச் செய்தியைச் சொன்னான். அறுபது கடிதங்களுள் மடல் என்று சொல்லத்தக்கது அது ஒன்றே. அதைத்தான் நாம் அனுப்பவில்லை.

ஆகவே ஒன்பதாம் வகுப்பு ஆசிரியையைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. அவரோடும் பேசினோம். "அந்தப் பிள்ளை எல்லார் முன்னாலேயும் அழுதுட்டா என்ன செய்யறது, ஃபாதர்? பிறகு முகாமைப் பத்தி அவங்க எதையாவது கேட்டா?" என்றார். நேர்மையான அச்சம் அது. பிள்ளையின் துயரம் காட்சிப்பொருளாகிவிடக் கூடாது என்னும் அவர் கவலையை மதிக்கிறோம். ஆனால் அச்சிறுமி எழுந்தது தன் துயரத்தைச் சொல்வதற்கன்று, கேட்பதற்கு. துன்புற்றவர் எழுந்தால் தம் கதையைத்தான் சொல்வார், அவருக்குப் பிறரைப் பற்றிய ஆவல் இராது என்று நாம் எல்லோருமே எண்ணிக்கொள்கிறோம். நன்கொடைக் கடிதங்கள் நம் உள்ளத்தில் பதித்த வடு இது.

அடி அண்ணாமலை மாணவனையும் மறந்துவிடலாகாது. மலையைச் சுற்றிச் செல்லும் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின்மேல் அமைந்தது அவனுடைய ஊர். ஆதி அருணாசலேசுவரர் கோயிலும் மாணிக்கவாசகர் கோயிலும் அங்கே உண்டு. திருவெம்பாவை பாடப்பெற்ற இடம் என்பது மரபு. முழுநிலா நாளில் மக்கள் வெள்ளம் அவன் வீட்டு வாசலைக் கடந்து போகும். கடல் கடந்தவர் அவனுக்குப் புதியவரல்லர். பால் பிரண்டனின் நூல் 1934இல் வெளிவந்தபின் இரமணரைத் தேடி மேல்நாட்டார் வரலாயினர், இன்றுவரை வந்துகொண்டிருக்கின்றனர். அவனுடைய தந்தை அப்பாதையில் இளநீர் விற்பவர். "கடைக்கு வர்ற வெள்ளைக்காரங்ககிட்ட நான் தினமும் பேசுறேன், ஃபாதர். அவங்க கேப்பாங்க, நானும் கேப்பேன். இங்கதான் தாளைப் பாத்துப் பேசச் சொல்லிட்டாங்க" என்று அவன் நம்மிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். தெருவில் முழு உரையாடல் நிகழ்த்தும் பிள்ளைக்கு வகுப்பறையில் பாதி உரையாடலைக் கற்பித்துக்கொண்டிருக்கிறோம்.

இதே மலைக்குக் கேட்பதற்காக வந்த துறவி ஒருவரையும் நாம் அறிவோம். பிரான்சின் பெனடிக்ட் சபைத் துறவியான ஹென்றி லெ சோ 1948இல் இந்தியா வந்தார். 1949இல் இரமணரைக் கண்டார். மொன்சானின் அடிகளாரோடு 1950இல் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினார். அபிஷிக்தானந்தர் என்னும் பெயர் பூண்டு, அடுத்த ஆண்டுகளில் அருணாசலத்தின் குகைகளில் நெடுநாள் தங்கினார். அவருடைய இறையியல் முடிவுகள் அனைத்தையும் ஏற்பது வேறு. ஆனால் கற்பிக்க வந்தவர் கற்பவராக அமர்ந்தார் என்பதும், தாம் அங்கே பெற்றதைத் தம் நாட்டு உறவினருக்கும் நண்பருக்கும் கடிதங்களில் மறைக்காமல் எழுதினார் என்பதும் நமக்குப் பாடம். கேட்பவர் இடம் மாறினால் உரையாடலின் இயல்பே மாறிவிடுகிறது.

திருச்சபையின் போதனையும் இத்திசையையே காட்டுகிறது. 1965 அக்டோபர் 28 அன்று, இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையையும் கிறிஸ்தவமல்லாச் சமயங்கள் பற்றிய அறிக்கையையும் ஒரே நாளில் வெளியிட்டது. பல சமயப் பிள்ளைகள் ஒரே விசிப்பலகையில் அமரும் நம் பள்ளிகளில் அவ்விரண்டையும் பிரித்துப் படிக்க இயலாது. 2020 அக்டோபர் 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் உலகளாவிய கல்வி உடன்படிக்கைக்காக விடுத்த அழைப்பில், சிறுவர், இளையோர் குரலுக்குச் செவிமடுப்பதை ஏழு உறுதிப்பாடுகளுள் ஒன்றாக வைத்தார். 2022 பிப்ரவரியில் அமெரிக்கக் கண்டத்துப் பல்கலைக்கழக மாணவர்களோடும், 2023 செப்டம்பரில் தெற்காசிய மாணவர்களோடும் அவர் திரைவழியே பேசினார். மாணவர்கள் பேசினர், அவர் கேட்டு மறுமொழி கூறினார். 2025 ஏப்ரலில் மறைந்த அவர் விட்டுச்சென்ற நல்ல பழக்கங்களுள் இதுவும் ஒன்று. ஆயினும் அவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அவ்வாய்ப்பை உண்டாக்கித் தருவது நம் பொறுப்பு.

அதற்குப் பெருஞ்செலவு ஏதும் தேவையில்லை. முதலாவது, உரையாடலின் முதற்பகுதி பிள்ளைகளே அமைத்த வினாக்களுக்கு உரியதாகட்டும். ஆசிரியர் வினாக்களை முன்னரே கேட்டறியலாம். மாற்றி எழுதித் தர வேண்டாம். முகாமிலிருந்து வரும் பிள்ளையிடம், பேச விருப்பமா, எதைப் பேச விருப்பம் என்று தனியே கேட்டுக்கொண்டால், ஆசிரியையின் அச்சத்துக்கும் விடை கிடைக்கும். இரண்டாவது, பிள்ளைகள் தமிழில் பேசட்டும், ஆசிரியர் மொழிபெயர்க்கட்டும். மாற்கு பேதுருவின் மொழிபெயர்ப்பாளராக இருந்தார் என்பது பழைய மரபு. ஒரு நற்செய்தியே அவ்வழி நமக்கு வந்ததென்றால், மொழிபெயர்ப்பதை எவரும் தாழ்வாகக் கருத வேண்டியதில்லை. மூன்றாவது, இருதரப்பும் பேசியவற்றை எழுதி, பள்ளி நூலகத்தில் ஒரு படி வைக்கட்டும். தமிழ் மூலம் இனியும் தொலையலாகாது. நான்காவது, நிதி வேண்டும் விண்ணப்பத்தையும் பிள்ளைகளின் உரையாடலையும் ஒரே நாளில், ஒரே அறையில் வைக்க வேண்டாம்.

நிதி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பங்கையும் பள்ளியையும் நடத்துபவருக்கு அதன் அருமை தெரியும். பவுலடியாரே எருசலேமின் ஏழைகளுக்காகக் கொரிந்தியரிடம் நிதி திரட்டினார். ஆனால் இரண்டாம் திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தில் அவர் பேசுவது சமநிலையைப் பற்றி. இன்று உங்கள் மிகுதி அவர்கள் குறையை நிரப்பும். ஒருநாள் அவர்கள் மிகுதி உங்கள் குறையை நிரப்பும் என்பது அவர் கருத்து. கொடுப்பவருக்கும் குறை உண்டு என்று அவர் தயங்காமல் கூறினார். இந்த உண்மையை நாம் நம் பிள்ளைகளுக்கும் சொல்வதில்லை, நன்கொடையாளருக்கும் சொல்வதில்லை. சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் பேசத் தொடங்கியதும் தமக்குத் தண்ணீர் வேண்டும் என்றுதான்.

முகாமில் பிறந்த அச்சிறுமியின் வினாவில் அச்சமநிலை முழுமையாக இருந்தது. 1983 முதல் அலையலையாய்ப் படகேறி வந்தவர்கள் தமிழகத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் வாழ்ந்தார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள். அதேபோல் நடுநிலக்கடலைப் படகில் கடந்தவர்களின் பிள்ளைகள் ஐரோப்பிய வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள். 2013 சூலையில் இலாம்பெதூசா தீவுக்குச் சென்ற திருத்தந்தை கடலில் மாண்டோருக்காகச் செபித்தார். அத்தீவின் பெயரைக் கேட்டறியாத ஒன்பதாம் வகுப்பு மாணவி, இரு கரைகளையும் ஒரே வினாவில் இணைத்துவிட்டாள். நாம் தயாரித்த எட்டுத் தாள்களில் எதிலும் அவ்வளவு இறையியல் இல்லை.

அவ்வினா இன்னும் அனுப்பப்படவில்லை. அடுத்த உரையாடல் தேர்வுகளுக்குப் பின் நடக்கும் என்கிறார்கள். ஆசிரியை அவளைத் தன் வினாவைத் தமிழில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்.

கொரிந்தியரின் மடல் தொலைந்தது. ஆயினும் அது பவுலின் கையை அடைந்த பின்னரே தொலைந்தது. தூய ஆவியாரின் கொடைகளைப் பற்றி அவர்கள் கேட்டனர். அதற்கு விடை எழுதப் புகுந்த அவர், இடையிலே நிறுத்தி, அனைத்திலும் மேலான அன்பைப் பற்றி எழுதினார். திருமண நாள்தோறும் நம் ஆலயங்களில் வாசிக்கிறோமே, அப்பதின்மூன்றாம் அதிகாரம் அவ்வாறு பிறந்தது. பெயர் தெரியாத யாரோ சிலர் துணிந்து கேட்டிராவிட்டால் அது நமக்குக் கிடைத்திராது. மூன்றாம் வரிசையில் பாதி எழுந்து நிற்கும் பிள்ளையைக் கையமர்த்தும் முன் இதனை நாம் நினைவிற்கொள்வோமாக.